அப்பா கடைப் பிரஷ்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சுவர் வேலை முடிந்தது. சங்கரன்கோவிலிலிருந்து வந்த ஆட்கள் ஏணி, வாளி, பீடிக்கட்டு சகிதம் கிளம்பிவிட்டார்கள். கதவு, ஜன்னல், நிலை எல்லாவற்றுக்கும் நானே பெயிண்ட் அடிக்கப் போகிறேன் என்றதும் இவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டும். பெயிண்ட் கடைக்காரர் மகள் நான். மற்ற பிள்ளைகள் பொம்மை வைத்து விளையாடிய வயதில் ஷேட் கார்டு வைத்து விளையாடியவள்.

உள்ளூர் பெயிண்டர் யாரையாவது கூப்பிடலாமே என்றார். நல்ல யோசனைதான். ஆனால் தென்காசியில் பிரஷ் பிடிக்கத் தெரிந்த அத்தனை பேரும் காலையில் டீ கிளாஸோடு நிற்கிற இடம் அப்பா கடை வாசல். ஒருத்தரைக் கூப்பிட்டால் போதும், எங்கள் வீட்டுக் கதவில் எங்கே கரையான் அரித்திருக்கிறது என்பது வரைக்கும் அவர் காதுக்குப் போய்விடும். தேவையா எனக்கு?

29ஆம் தேதி வெள்ளிக்கிழமை பால்காய்ச்சு. பழைய வீடுதான், ஆனால் எங்கள் வீடு. அப்பாவைக் கூப்பிட வேண்டாமா என்று இவர் மறுபடியும் ஆரம்பித்தார். வேறு சாதியில் இவரைக் கட்டிக்கொண்டு நாலு வருஷம் ஆகிறது. இனி என் வாசல் ஏறாதே என்று அப்பா சொன்னார். நீங்களாகக் கூப்பிடாமல் ஏறமாட்டேன் என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு ஒரே ஊரில் குப்பை கொட்டுகிறோம். அம்மா நான் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டாள். ஆக, பால் பொங்கும்போது என் பிறந்த வீட்டுப் பக்கம் நிற்க ஒரு ஆள் கிடையாது. அதனால் என்ன, பால் பொங்காமலா இருந்துவிடும்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இ-சேவை மையத்தில் வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் பிரஷ் வாங்கினேன். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். கடைக்காரர் நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி முறைத்தார்.

பிரஷ்ஷைப் பிரித்துப் பார்க்காமல் எப்படி வாங்குவது? முடியை உள்ளங்கையில் அழுத்தினால் வளைந்து, விட்டதும் நிமிர வேண்டும். நாலு தரம் இழுத்துப் பார்த்தால் ஒன்றிரண்டுக்கு மேல் உதிரக் கூடாது. முடியை விரித்துப் பார்க்க வேண்டும். மட்டமான பிரஷ் என்றால் நடுவில் பெரிய மரக்கட்டையைச் சொருகி, சுற்றி ஒப்புக்கு நாலு முடியை ஒட்டிவைத்து ஏமாற்றியிருப்பான். தகரப் பட்டை ஆடக் கூடாது. கடைசியில் கன்னத்தில் தடவிப் பார்க்க வேண்டும். நுனி பிளந்த முடி மெத்தென்று இருக்கும். வெட்டிவிட்ட முடி குத்தும்.

இத்தனையும் தெரிந்தவள்தான் இதில் ஒன்றையும் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்தேன். அப்பா கடையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கொல்லைக் கதவுக்கு பிரைமர் அடித்தேன். கதவுக்கு மீசை முளைத்துவிட்டது.

ஆகஸ்ட் 9, சனி

இவர் ஒரு காரியம் பண்ணிவிட்டு வந்திருக்கிறார். ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரை மூடிவிட்டு நேராக அப்பா கடைக்குப் போய் பிரஷ் வாங்கியிருக்கிறார். கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. யாரைக் கேட்டுப் போனீர்கள் என்று கத்தினேன். மீசை வைத்த கதவோடு பால் காய்ச்ச முடியாது என்கிறார், சாவகாசமாக.

"அவுகளுக்கு என்ன அடையாளமே தெரியல, உலகு. வாங்க சார்னாக, உக்காருங்க சார்னாக" என்று ஒரே பெருமை. அப்பா எங்கள் கல்யாண போட்டோவைக்கூடப் பார்த்ததில்லை என்பது வாஸ்தவம். ஆனால் ஊரில் பாதிப்பேருக்கு டிக்கெட் கொடுக்கிற முகம் இவருடையது. கேட்டால், கண்ணாடிக்குப் பின்னால் பாதி முகம்தானே தெரியும் என்கிறார். என் வீட்டுக்காரர் கோமதிநாயகத்துக்கு உலகம் அவ்வளவு சுலபம்.

அப்பா எல்லாரையும் கேட்கிற கேள்விகளைத்தான் இவரையும் கேட்டிருக்கிறார். என்ன பெயிண்ட்? எனாமல். என்ன மரம்? கதவு தேக்கு, ஜன்னல் வேம்பு. அடிக்கப் போவது யார்? வீட்டுக்காரி. கை பெரிதா சிறிதா? சிறிது, அதோடு இடது கைப் பழக்கம். இதை வேறு சொல்லியிருக்கிறார் மகானுபாவர். அப்பா கையில் எடுத்திருந்த பிரஷ்ஷைத் திரும்ப வைத்துவிட்டாராம். பிறகு உள்ளே போய்த் தேடி இரண்டு இஞ்சு பிரஷ் ஒன்றை எடுத்துவந்து, இவர் புறங்கையில் தடவிக் காட்டி, பேப்பரில் சுருட்டிக் கொடுத்தாராம்.

நான் அதைத் தொடப் போவதில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தொட்டேன். கதவுக்காகத்தான்.

பன்றி முடி. அடர்த்தி என்றால் அப்படி ஒரு அடர்த்தி. எனாமலை வாரிக் குடித்துவிட்டு, கேட்கிற அளவுக்கு மட்டும் விடுகிறது. முதலில் குறுக்கே இழுத்து, பிறகு மரத்தின் ஓட்டத்தோடு மேலிருந்து கீழே லேசாக ஒரு இழுப்பு. கோடே தெரியவில்லை. கொல்லைக் கதவின் மீசையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி அடித்தேன். முகம் பார்க்கலாம் போல இருக்கிறது.

பிடியில் நூல் சுற்றியிருந்தது, இடது கைப் பெருவிரல் பதிகிற இடத்தில். கடையில் எல்லா பிரஷ்ஷுக்கும் இப்போது அப்படிச் சுற்றுகிறார்கள் போல.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சாரல் நிற்கவே இல்லை. குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது என்று ஊரெல்லாம் துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. எனக்குக் கதவு காயவில்லையே என்று கவலை. விரலை வைத்தால் ஒட்டுகிறது.

பெயிண்டில் கோளாறு இருக்குமோ என்று கேட்டுவிட்டு வரச் சொல்லி இவரை அனுப்பினேன். வாடிக்கையாளர் புகார், அவ்வளவுதான். பதில் வந்தது: பெயிண்டில் கோளாறு இல்லை, அடிக்கிறவர்களின் அவசரத்தில்தான் கோளாறு. ஈரக்காற்றில் கனமாக அடித்தால் எப்படிக் காயும்? பிரஷ் நுனியில் மூன்றில் ஒரு பங்குதான் முக்க வேண்டும் என்று பெயிண்ட் கடைக்காரர் மகளுக்கே பாடம். எனக்கு வந்ததே கோபம்.

மூன்றில் ஒரு பங்கு என்பது புது பிரஷ்ஷுக்கு, பழகின பிரஷ் பாதி வரை தாங்கும் என்று நாளைக்குச் சொல்லிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இவர் இப்போது தினமும் போகிறார். ஸ்டேஷன், அப்பா கடை, வீடு. நான் இங்கே ஒன்று சொன்னால் அங்கே ஒன்று வருகிறது. பழகின பிரஷ் பாதி தாங்கும் என்றதற்கு, "பழகுனது பிரஷ்ஷா, ஆளா?" என்று கேட்டாராம். ஜன்னல் சட்டத்தில் கம்பி ஓரம் பெயிண்ட் படாமல் அடிக்க வரவில்லை என்று சொல்லியனுப்பினேன். சாய்வாக வெட்டிய ஒன்றரை இஞ்சு பிரஷ் வந்தது. அதன் பிடியிலும் நூல்.

அந்த பிரஷ் கம்பி ஓரத்தில் ஒரு சொட்டு சிந்தவில்லை. அதைச் சொல்லியனுப்பவில்லை. ரொம்பவும் தூக்கிவைக்கக் கூடாது.

கடையில் இவருக்கு இப்போது டீ கூட வருகிறதாம். இன்னமும் சார்தான்.

ஆகஸ்ட் 16, சனி

உடம்பு சரியில்லை. டர்பென்டைனில் பிரஷ் கழுவ உட்கார்ந்தேன், குடலைப் பிரட்டிக்கொண்டு வந்தது. காலையில் டீ இறங்கவில்லை. டர்பென்டைன் வாசனையிலேயே வளர்ந்தவள் நான், எனக்கே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இந்தக் காலத்து டர்பென்டைனில் என்னத்தையோ கலக்கிறார்கள்.

நார்த்தங்காய் ஊறுகாய் மட்டும் இறங்குகிறது. பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா கொடுத்த பாட்டிலில் பாதி காலி. பெயிண்ட் வேலைக்கு உப்பு தேவைப்படும் போல.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சண்டை. இவரோடும், இவர் மூலமாக அப்பாவோடும்.

நான் பிரஷ் கழுவும்போது வாந்தி எடுக்கிறேன் என்பதை இவர் காலையில் கடையில் போய் ஒப்பித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அரைநாள்தான் கடை. அப்பா கேட்டுவிட்டு, காலையில் மட்டுமா, நாள் பூராவுமா என்று விசாரித்தாராம். காலையில்தான் அதிகம் என்று இவர் சொல்ல, சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாராம். வெளியே வந்தபோது கையில் வேறு பெயிண்ட், வேறு பிரஷ். வீட்டில் இருக்கிற எனாமலையும் டர்பென்டைன் பாட்டிலையும் இன்றைக்கே கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும், இனி தண்ணீரில் கலக்கிற பெயிண்ட்தான், தண்ணீரில் கழுவுகிற நைலான் பிரஷ்தான் என்று உத்தரவு. அதற்கு மேல் இன்னொன்று: அந்தம்மா ஸ்டூலில் ஏறக் கூடாது. உயரத்தில் அடிக்க வேண்டியதை சார்தான் அடிக்க வேண்டும்.

நைலான்! துணி துவைக்கிற பிரஷ் மாதிரி. எனக்கு பிரஷ் கழுவத் தெரியாது என்றுதானே அர்த்தம்? ஸ்டூலில் ஏறத் தெரியாது என்றுதானே அர்த்தம்? பன்றி முடி பிரஷ்ஷை விடமாட்டேன், தண்ணீர்ப் பெயிண்டையும் அதிலேயே அடிப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தண்ணீர்ப் பெயிண்டில் பன்றி முடி ஊறித் தொளதொளத்துப் போய்விட்டது. ஈரக் கோழி மாதிரி நிற்கிறது. இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

நைலானை எடுத்தேன். இவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

நைலான் மோசமில்லை. நுனி மெலிந்து, மெத்தென்று இருக்கிறது. தண்ணீர்ப் பெயிண்ட் சீக்கிரம் காய்ந்துவிடுவதால் ஒரே இடத்தில் போட்டுத் தேய்க்கக் கூடாது. ஒரு பலகையை முடித்துவிட்டுத்தான் மூச்சு விட வேண்டும். ஏற்கெனவே எனாமல் அடித்ததை உப்புத்தாளால் லேசாக மங்கடித்துவிட்டு அதன் மேலேயே அடித்தால் பிடித்துக்கொள்ளும் என்றும் கடையிலிருந்து தகவல். பிடித்துக்கொண்டது. வாடையும் இல்லை. ஆனாலும் காலையில் வயிறு பிரட்டுவது நிற்கவில்லை. பழைய டர்பென்டைன் இன்னும் உடம்பில் இருக்கும்.

உயரத்தில் இவர் அடிக்கிறார். டிக்கெட்டில் முத்திரை குத்துவது போலக் குத்திக் குத்தி அடிக்கிறார். கண்ணை மூடிக்கொள்கிறேன்.

இன்று கடையில் அப்பா கேட்டாராம், "காலைல எதாவது சாப்பிடுதாளா?" என்று. சாப்பிடுகிறாள் என்று சொல்லிவிட்டுப் பாதித் தெரு வந்த பிறகுதான் இவருக்கு உறைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்து, "உலகு, அவுகளுக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கு போல!" என்று வாயைப் பிளக்கிறார். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எல்லாக் கதவும் முடிந்தது. வெளிர் பச்சை ஜன்னல், தேக்கு நிறக் கதவு. மும்தாஜ் அக்கா வந்து பார்த்துவிட்டு, எந்தப் பெயிண்டர் என்று கேட்டாள். நான்தான் என்றேன். நம்பவில்லை. ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

அவள் போன பிறகு இவர் வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்து மேஜையில் வைத்தார். இன்னும் அழைக்காத வீடு ஒன்றுதான் பாக்கி என்றார். தினமும் கடைக்குப் போகிற நீங்களே அழைத்துவிட்டு வாருங்கள் என்றேன்.

"நான் அங்க பிரஷ் வாங்க வாரவன். மக அழைக்கணும்லா" என்றார்.

அவராகக் கூப்பிடாமல் ஏறமாட்டேன் என்றேன். இரண்டு பிரஷ், ஒரு நைலான், ஒரு டின் பெயிண்ட் கொடுத்துவிட்டிருக்கிறார், இதைவிட எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டுவிட்டு இவர் குளிக்கப் போய்விட்டார்.

நான் முன்கதவு பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். கண்ணில் பெயிண்ட் பட்டுவிட்டது என்று எழுத நினைத்தேன். இல்லை. எனக்கு அப்பாவைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. அவர் வராமல் இந்த வீட்டில் பால் காய்ச்ச எனக்குப் பிடிக்கவில்லை. எழுதிவிட்டேன், எழுதியதை இனி அடித்து அழிக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

போகலாமா வேண்டாமா. சேலையை எடுத்து வைத்தேன். மடித்து உள்ளே வைத்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

போனேன்.

இவர் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம். வழியெல்லாம் ஒன்றுதான் பயம். அப்பா என்ன சொல்வாரோ என்பது கூட இல்லை. கடை என்றாலே டர்பென்டைன். வாசலிலேயே அந்தப் பெரிய டிரம் நிற்கும், தெருமுனைக்கே வாடை அடிக்கும். நாலு வருஷம் கழித்துக் கடையேறி, தட்டை நீட்டுகிற நேரத்தில் வாந்தி எடுத்தால் நன்றாகவா இருக்கும்? முந்தானையில் எலுமிச்சம்பழம் ஒன்றை முடிந்துகொண்டேன்.

தெருமுனை வந்தது. வாடை இல்லை. கடை வாசல் வந்தது. அங்கேயும் இல்லை. டிரம் நின்ற இடத்தில் வட்டமாகக் கறை மட்டும் இருந்தது.

செல்லையா அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் சின்ன வயதிலிருந்தே எங்கள் கடைக்கு வருகிற பெயிண்டர். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

டிரம் எங்கே என்றுதான் அவரிடம் முதலில் கேட்டேன்.

"அத ஏன் கேக்க? பத்து நாளா அது பின்கட்டுல கெடக்கு. கால் லிட்டர் கேட்டாலும் உங்கப்பா அம்புட்டு தூரம் நடந்து போய் ஊத்திட்டு வாராரு. கடைக்குள்ள வைங்கன்னா, கடிக்க வாராரு. காரணமும் சொல்ல மாட்டேங்காரு" என்றார்.

பத்து நாளாக. நான் வருவேனா மாட்டேனா என்று எனக்கே நேற்று வரைக்கும் தெரியாது. அவர் டிரம்மை உருட்டிக்கொண்டு போய் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

உள்ளே ஏறினேன். அப்பா ஒரு பிரஷ்ஷை உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தார். நரை கூடியிருந்தது. கண்ணாடி புதிது. என்னை நிமிர்ந்து பார்த்தார், தட்டைப் பார்த்தார், மறுபடி பிரஷ்ஷைப் பார்த்தார். நான் தட்டை நீட்டினேன்.

"வெள்ளிக்கெழம பால்காய்ச்சு. நீங்க வரணும்ப்பா" என்றேன்.

வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஆறு மணிக்குள் என்றேன். பால் பானையும் குத்துவிளக்கும் அவர் கொண்டுவருவாராம், பிறந்த வீட்டுச் சீர் அதுதான், வேறு எங்கேயும் வாங்கிவைத்துவிடாதே என்றார். வாங்கி வைத்திருந்தேன். சொல்லவில்லை.

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். இவ்வளவு நாள் பேசாததையெல்லாம் எங்கிருந்து தொடங்குவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. நான் பெயிண்டைப் பற்றிப் பேசினேன். முன்கதவுக்கு இரண்டாவது பூச்சும் ஆகிவிட்டது, நைலான் பரவாயில்லை என்று சொன்னேன். அவர் கேட்ட மாதிரியே தெரியவில்லை.

"டாக்டர்ட்ட போனியா?" என்றார்.

"டாக்டர் எதுக்கு? டர்பென்டைன் ஒத்துக்கல, அவ்வளவுதான்ப்பா."

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலமாயிற்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"உங்கம்மாவும் இதத்தான் சொன்னா. நானும் நம்பி டிரம்ம பின்கட்டுல கொண்டு வச்சேன். அடுத்த சித்திரையில நீ பொறந்த."